நஞ்சு மந்திரியின் கழுத்தில் ஒரு மாலை

அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தபோது தகப்பனை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் அடிக்கவில்லை. என் அண்ணன் அப்போதுதான் அவர் கழுத்தில் போட்டுவிட்டுக் கையை எடுத்திருந்த மாலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நான் இரட்டை நூலில் கட்டுகிறவள். என் மாலை இலேசில் அறாது. முதல் இழுவைக்கு அந்த மனிதரின் கழுத்துத்தான் முன்னால் வளைந்தது. இரண்டாவது இழுவைக்கு நூல் போயிற்று. வெள்ளைச் செவ்வந்திப் பூக்கள் கம்பளத்திலும் கதிரைக்கு அடியிலும் பலகாரத் தட்டிலும் சிதறின. ஒன்று அண்ணன் பாதி குடித்து மேசையில் வைத்திருந்த தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது.

என் ஒரே மகன் கட்டிக்கொள்ளப் போகிற பெண், தன் தாயையும் தகப்பனையும் முதன்முதலாக என் வீட்டுக்குக் கூட்டிவந்த நாள் அது. சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருபத்தைந்து வருடமாக மாலை கட்டுகிறேன். வாடிய மாலையைப் பார்த்திருக்கிறேன். மணமகன் பதற்றத்தில் தரையில் போட்ட மாலையைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கழுத்தில் விழுந்த மாலையைப் பிடித்து அறுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணன் கோப்பையை ஒரு பக்கம் தள்ளிவைத்தார்.

"யோகு, இது சரிவராது. இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார்.

மே மாதத்துப் பூ

சென்ற வாரம் இந்தப் பத்தியில் பூச்சந்தைக் கதையைப் பாதியில் விட்டதற்கு இரண்டு வாசகர்கள் கோபித்து எழுதியிருக்கிறார்கள். கோபம் வேண்டாம். அந்தச் சந்தையில் வாங்கிய பூவால் வந்த வினைதான் இது.

மே மாதத்தில் சிட்னியில் எங்கே திரும்பினாலும் வெள்ளைச் செவ்வந்தி. இந்த நாட்டில் அன்னையர் தினத்துக்குத் தாய்மாருக்கு அதைத்தான் கொடுப்பார்கள். பெட்ரோல் நிலையத்தில்கூட வாளி வாளியாக வைத்திருப்பார்கள். பெரிய பூ, இறுக்கமான இதழ், மூன்று நாளைக்கு வாடாது. மாலை கட்டுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நிறத்தை நானாகத் தீர்மானிக்கவில்லை. அதற்குச் சாட்சி இருக்கிறது. "மின்ஜியின்ர அப்பாவுக்கு என்ன கலர் பிடிக்குமெண்டு கேள்" என்று மகன் பிரசன்னாவிடம் சொன்னேன். அவன் போனில் தட்டினான். அரை நிமிடத்தில் பதில் வந்தது, வெள்ளை என்று. அவர் எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவாராம். எதற்குக் கேட்கிறோம் என்று இவன் சொல்லவில்லை. ஏன் கேட்கிறாய் என்று அவளும் கேட்கவில்லை. சட்டை வாங்கித் தரப்போகிறோம் என்று நினைத்தாளாம்.

எங்களுக்குப் பூவில் பேதமில்லை. பிள்ளையாருக்குப் போகிற செவ்வந்திதான் மணவறைக்கும் போகும், பெட்டியில் கிடக்கிறவருக்கும் போகும். அன்று விடிய வாங்கிய பூவில் முதல் மாலையை என் கணவரின் படத்துக்குக் கட்டினேன். ஹோலுக்குள் கால் வைத்ததும் எதிர்ச்சுவரில் அந்தப் படம் தெரியும். அதே பூவில் அடுத்ததைச் சம்பந்திக்குக் கட்டினேன். இடையிடையே பச்சை இலை, கீழே குஞ்சம், வெள்ளிச் சரிகை. நானே இரண்டடி தள்ளி நின்று பார்த்து என்னை மெச்சிக்கொண்டேன்.

கணவரைப் பற்றியும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்றால் எனக்கு மனம் வராது.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலை, வேலைக்குப் புறப்பட்டவர், நான் பூக்கட்டுகிற கராஜ் வாசலில் நின்று "போட்டு வாறன்" என்றார். நான் ஒரு கலியாண மாலைக்கு ரோசா கோத்துக்கொண்டிருந்தேன். பூ ஒன்றுக்கொன்று அளவில் ஒத்துவரவில்லை என்று எரிச்சலில் இருந்தேன். தலை நிமிரவில்லை. "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. அவர் ரயில்நிலையப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். மத்தியானத்துக்குள் இரண்டு பொலிஸ்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். என் மடியில் இன்னும் ரோசா இருந்தது.

மந்திரி வந்த கதை

அதற்குப் பிறகு கராஜில் தனியே இருந்து பூக்கட்ட முடியவில்லை. ஏதாவது சத்தம் வேண்டியிருந்தது. பாட்டுப் போட்டால் அழுகை வந்தது. தமிழ்த் தொடர் போட்டால் அதில் வருகிறவர்கள் எல்லாம் என் சொந்தக்காரர் மாதிரியே கதைத்தார்கள். அது இன்னும் தொல்லை. பிரசன்னாதான் கொரியத் தொடர்களைத் தமிழ்க்குரலில் போட்டு, ரப்லட்டைப் பூப்பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.

அப்படித்தான் நஞ்சு மந்திரி என் வாழ்க்கைக்குள் வந்தார்.

ஓர் அரண்மனைக் கதை அது. ஒட்டிய கன்னம், கறுப்புத் தொப்பி, நீலப் பட்டு அங்கி. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி, அவ்வளவு பணிவாகக் கொடுப்பார். வாங்கிக் குடித்தவரின் கதை அத்தோடு முடிந்தது. இரண்டு ராணிகளையும் ஒரு சின்ன இளவரசனையும் அந்த வகையில் அனுப்பிவைத்தார். குரலோ கரகரவென்று அடித்தொண்டையில் இருந்து வரும்.

"நாசமாப் போவானே, நீ நல்லா இருப்பியா?" என்று ஊசியும் கையுமாகத் திட்டுவேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து எல்லாம் சரிதானே என்று கேட்டுவிட்டுப் போனார். என் மனுசனைக் கொண்டுபோனவன் ஆரென்று தெரிந்தால் அவனைத் திட்டியிருப்பேன். ஆள் கிடைக்கவில்லை. கையில் அகப்பட்டவர் இவர்தான்.

தொடரின் கடைசி வாரத்தில் ராசா அவருக்கும் நஞ்சு கொடுத்தார். முழங்காலில் இருந்து குடித்து, வாயில் ரத்தம் வடிய விழுந்தார். நான் கைதட்டினேன். தட்டியதில் ஊசி ஏறி என் விரலிலும் ரத்தம் வந்தது. பிறகு வேறு தொடர்களில் புற்றுநோய்த் தகப்பனாகவும் கடன்பட்ட முதலாளியாகவும் அவரைக் கண்டேன். எதிலும் கடைசிவரை உயிரோடு இருந்ததில்லை.

கதவைத் திறந்தபோது

மின்ஜி மருந்தாளர். ஆறு வயதில் தாயோடு சிட்னிக்கு வந்தவள். தகப்பனைப் பற்றிக் கேட்டபோது பிரசன்னா தோளைக் குலுக்கினான்.

"ரீவியில ஏதோ வேர்க் பண்ணினவர் அம்மா. இப்ப ரிட்டயர்ட். ஷீ டஸ்ன்ற் லைக் டு டோக் எபௌட் இற்."

மின்சார வேலையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல தொழில்.

மணி அடித்தது. அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மாலைத் தட்டோடு நின்றார். என் மனுசன் இல்லாததால் வீட்டுக்குப் பெரியவர் அவர்தான். அவர் தலையசைத்தால் கலியாணம், இல்லையென்றால் இல்லை. பிரசன்னா வெளியே என்னதான் நவீனமாகத் திரிந்தாலும், மாமன் வேண்டாம் என்று சொன்னால் உடைந்துபோவான். தகப்பன் போன பிறகு அவனைத் தாங்கியவர் அவர். மாமன்தான் தன் கையால் தாலி எடுத்துத் தரவேண்டும் என்று மின்ஜியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தான்.

கதவைத் திறந்தேன். முதலில் மின்ஜி, அடுத்து தாய். அவர்களுக்குப் பின்னால், துணியில் பொதிந்த பேரிக்காய்ப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒட்டிய கன்னத்தோடு நஞ்சு மந்திரி நின்றார்.

"ஐயோ! நஞ்சு மந்திரி!" என்று கத்திவிட்டேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முன்பின் தெரியாத பெண்கள் தன்னைப் பார்த்துக் கத்துவது அவருக்குப் புதிதில்லைப் போலிருக்கிறது. இடுப்புவரை வளைந்து வணக்கம் சொன்னார்.

"அம்மா என்ன சொல்லுறா?" என்று மின்ஜி ஆங்கிலத்தில் கேட்டாள். பிரசன்னா என்னை முறைத்துவிட்டு, "ஷீஸ் எ பிக் ஃபான்" என்றான். பிள்ளை சமயத்தில் கெட்டிக்காரன்.

அடுத்த அதிர்ச்சி அவர் குரல். மெல்லிய குரல், கோயிலில் பக்கத்தில் நிற்பவரிடம் கதைக்கிற அளவுக்குத்தான் வந்தது. இரண்டு வருடமாக நான் வெறுத்த அந்தக் கரகரப்பு சென்னையில் யாரோ ஒரு புண்ணியவானுடையது என்று அப்போதுதான் உறைத்தது. நான் திட்டியதில் பாதி அந்த மனிதருக்குப் போயிருக்க வேண்டும். மன்னிக்கவும், ஐயா.

தன் பெயரை எழுதவேண்டாம் என்று அவர் கேட்டிருக்கிறார். ஆகவே நடிகர் என்றே எழுதுகிறேன்.

நடிகர் ஹோலுக்குள் வந்ததும் எதிர்ச்சுவரில் என் கணவரின் படத்தையும் அதில் தொங்கிய வெள்ளைப் பூவையும் பார்த்தார். சட்டென்று நின்றார். தரையில் முழங்காலிட்டு, நெற்றி கம்பளத்தில் படும்படி இரண்டு முறை விழுந்து எழுந்தார். என் பக்கத்துச் சொந்தத்திலேயே அந்தப் படத்தை அப்படிக் கும்பிட்டவர் கிடையாது. அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் நெஞ்சு நிறைந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

நடிகர் எழுந்து திரும்பினார். அண்ணன் தட்டிலிருந்து அதே வெள்ளைப் பூவில் கட்டிய மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார்.

தாய் "ஹா" என்று வாயைப் பொத்தினா. அடுத்த கணம் மின்ஜி பாய்ந்தாள்.

கராஜில்

மாலையை அறுத்தவள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. குசினி வழியாக ஓடிக் கராஜுக்குள் போய்விட்டாள். பிரசன்னா எழும்பினான். அவனை இருக்கச் சொல்லிவிட்டு நான் போனேன். ஆறுதல் சொல்லப் போகவில்லை. ஏசத்தான் போனேன். "பிள்ளை, எங்களைப் பிடிக்காவிட்டால் வாயால சொல்லியிருக்கலாம்" என்ற வசனம் நாக்கு நுனியில் இருந்தது.

அவள் என் சின்னக் கதிரையில் இருந்தாள். சுற்றிவரப் பெட்டி பெட்டியாக வெள்ளைச் செவ்வந்தி. அதைப் பார்க்காமலிருக்கக் கண்ணை இறுக்க மூடியிருந்தாள். கைவிரல் முழுக்க நூல் அறுத்த சிவப்புக் கோடு.

என் வசனம் எங்கேயோ போய்விட்டது. பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடினேன். பிறகு அவள் சொன்னதை, அவள் ஆங்கிலத்திலிருந்து என் தமிழில் எழுதுகிறேன்.

"அன்ரி, கொரியாவில இந்தப் பூ செத்தவைக்கு மட்டுந்தான். படத்தைச் சுத்தி வைப்பினம். நான் அதுக்காக மட்டும் அறுக்கேல்லை. அதெண்டால் நான் பேசாமல் இருந்திருப்பன்."

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஈஸ்ட்வூட்டில் ஒரு சின்ன வீட்டில் தாயும் மகளும். தாய் வேலைக்குப் போய்விடுவா. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தனிமை. தகப்பனை வருடத்துக்கு ஒருமுறைதான் காணலாம். மற்ற நாட்களில் அவரைப் பார்ப்பதற்குக் கொரியக் கடையில் வாடகைக்கு எடுக்கிற வீடியோத் தட்டுத்தான் வழி. ஒருநாள் தாய்க்குச் சொல்லாமல் புதுத் தட்டொன்றைப் போட்டிருக்கிறாள்.

திரையில் அப்பாவின் படம். கறுப்புப் பட்டி கட்டிய சட்டத்துக்குள். சுற்றிலும் இந்தப் பூ. ஆரோ விழுந்து புரண்டு அழுகிறார்கள்.

"நடிப்பெண்டு உனக்குத் தெரியாதா, பிள்ளை?" என்று கேட்டேன்.

"தெரியும் அன்ரி. அப்பா சாகிறதைப் பிறகும் எத்தினையோ தரம் பார்த்திருக்கிறன். ஆனால் அது எங்கட வீட்டுப் படம். எங்கட சுவரில இருந்த அதே படம். நான் தலையைத் திருப்பினன், சுவரிலயும் இருந்தது. ரீவியிலயும் இருந்தது."

படப்பிடிப்புக்கு ஒரு படம் தேவை என்றார்களாம். நடிகர் தன்னிடம் இருந்த நல்ல படம் ஒன்றைக் கொடுத்துவிட்டார். அதன் இன்னொரு பிரதி மகள் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று அந்த நேரம் அவருக்கு நினைவில்லை.

குழந்தை போனை எடுத்துத் தகப்பனுக்கு அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தாள். படப்பிடிப்பில் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று ஒன்பது வயதுக்கு எப்படித் தெரியும்? தாய் வேலை முடிந்து வரும்போது பிள்ளை போனைக் காதில் வைத்தபடி தரையில் இருந்திருக்கிறாள். பேச்சு வரவில்லை. அடுத்த நாள் விடிய அவர் எடுத்தபோதும் அவளால் அப்பா என்று சொல்ல முடியவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் போனதாம்.

இரண்டு வருடம் கைதட்டிப் பார்த்தேனே, அந்தச் சாவுகளை.

"அதுக்குப் பிறகு அப்பா ஒரு வழக்கம் வச்சிருக்கிறார்" என்றாள் மின்ஜி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எந்த நாடகத்தில சாகிறதெண்டாலும் முதல் நாள் எனக்குப் போன் எடுப்பார். நாளைக்கு நான் சாகிறன், பயப்படாதை, சாப்பிட்டியா எண்டு கேட்பார். நான் யூனிவர்சிட்டி போன பிறகும் எடுத்தவர். லெக்சருக்கு நடுவில எழும்பிப் போய்க் கதைச்சிருக்கிறன்."

சாவதற்கென்றே ஒரு முகம்

ஹோலுக்குத் திரும்பி வந்தோம். நடிகர் கதிரையில் இல்லை. கம்பளத்தில் சப்பாணி கட்டி இருந்து, சிதறிய பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் வெள்ளைச் சட்டை மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக இருந்தார்.

மின்ஜி தகப்பனுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். அவர் கொரிய மொழியில் சொல்லச் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவருடைய முதல் வேடமே பிணம். குளிர்காலத்து ஆற்றில் முகம் குப்புறக் கிடக்கவேண்டும். மற்றப் பிணங்கள் நடுங்கின, இவர் நடுங்கவில்லை. அதைப் பார்த்த இயக்குநர் அடுத்த படத்துக்கும் கூப்பிட்டார். பிறகு முகம் தெரிகிற வேடங்கள் வந்தன. உன் முகத்தைப் பார்த்தாலே இந்த ஆள் அதிக நாள் தங்கமாட்டான் என்று தெரிகிறது என்பார்களாம். கதாநாயகன் ஆகவேண்டும் என்று நாடக மேடைக்கு வந்தவருக்குச் சாகிற வேலைதான் ஓடி ஓடி வந்தது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மகளை ஆங்கிலம் படிக்கவைக்க மனைவியோடு சிட்னிக்கு அனுப்பியிருந்தார். அப்படிக் குடும்பத்தை வெளிநாட்டில் விட்டுவிட்டுத் தனியே இருந்து உழைக்கிற தகப்பன்மாருக்குக் கொரியாவில் வாத்து அப்பா என்று பெயரே உண்டாம், பருவத்துக்கு ஒருதரம் பறந்து வந்து பார்த்துவிட்டுப் போகிற வாத்து. பதின்மூன்று வருடம் வாத்தாக இருந்தார். வந்த வேடம் எல்லாவற்றையும் ஏற்றார். நஞ்சு குடித்தார், தூக்கில் தொங்கினார், கார் மோதிப் போனார். முப்பதுக்குப் பிறகு எண்ணவில்லை. விருது ஒன்றுகூட இல்லை. சந்தையில் பெண்கள் கீரைக்கட்டால் அடித்திருக்கிறார்கள். அதைத்தான் விருது என்று வைத்துக்கொண்டாராம்.

மடியிலிருந்த பூவில் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"நான் சாகிற காட்சி எடுத்து முடிஞ்சால் என்னை வீட்டை அனுப்பிப்போடுவினம்" என்றார். "செத்தவீட்டுக் காட்சிக்கு என்ர படம் போதும். பூவெல்லாம் படத்துக்குத்தான். இவ்வளவு சாவுக்கும் எனக்கு ஒரு பூ கிடைச்சதில்லை. இண்டைக்குத்தான் கழுத்துக்கு வந்தது. என்ர மகள் அதையும் பறிச்சுப்போட்டாள்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மின்ஜி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அவள் என்னிடம் கராஜில் சொன்னதை நான் தமிழில் அண்ணனுக்குச் சொன்னேன். தட்டு, படம், போன், எல்லாம்.

அண்ணன் கேட்டது

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்களுக்கு இலங்கையில் ஒரு தம்பி இருந்தான். ஊரில் சண்டை முற்றிய அந்தக் கடைசி மாதங்களில் அண்ணன் இங்கே தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளை முழுக்கப் போன் பெட்டிக்குள் நிற்பார். தம்பியின் அந்த ஒரே இலக்கம். மணி போய்க்கொண்டே இருக்கும். சில நாள் மணியும் போகாது. அதைப் பற்றி அவர் எங்களோடு ஒருநாளும் கதைத்ததில்லை. இன்றைக்கும் வீட்டில் போன் இரண்டு தரத்துக்கு மேல் அடித்தால் ஆரிலாவது எரிந்து விழுவார்.

அண்ணன் மின்ஜியின் பக்கம் திரும்பினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தமிழும் கலந்து கேட்டார்.

"பிள்ளை, அடுத்த நாள் அவர் திருப்பி எடுத்தவரோ? உனக்குக் கோல் பண்ணினவரோ?"

"யெஸ் அங்கிள். நெக்ஸ்ட் மோர்னிங்."

அண்ணன் தன் கோப்பையில் மிதந்த பூவைப் பார்த்தார். விரலால் எடுத்து மேசையில் வைத்தார்.

"எனக்கு ஆரும் திருப்பி எடுக்கேல்லை" என்றார்.

பிரசன்னா அதை மொழிபெயர்க்க வாய் திறந்தான். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு எழும்பிப் போய், எப்போதும் கதிரையில்தான் இருக்கிற அந்த மனிதர், வேட்டியோடு சிரமப்பட்டு நடிகருக்குப் பக்கத்தில் கம்பளத்தில் இருந்தார்.

"யோகு, அந்தப் பிள்ளை அறுத்தது சரி. நானெண்டாலும் அறுத்திருப்பன். வேற மாலை இருக்கோ?"

இருந்தது. அடுத்த நாள் ஹரிஸ் பார்க்கில் நடக்கவிருந்த ஒரு கலியாணத்துக்குக் கட்டி வைத்த சிவப்பு ரோசா மாலை. குளிர்பெட்டியில் இருந்தது. அந்த மணமகளுக்கு விடிய எழும்பி வேறு கட்டிக் கொடுத்தேன், அவளுக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

இந்த முறை அண்ணன் மாலையைத் தொடவில்லை. தட்டை மின்ஜியிடம் நீட்டினார். அவள் தன் தகப்பனுக்குப் போட்டாள். நடிகர் மாலையைத் தொட்டுப் பார்த்து, இதழ்களை எண்ணுகிறவர் போலத் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். நான் ஊற்றிய தேநீரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். பழக்கதோசத்தில் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

புறப்படும்போது வாசலில் நின்று, "வீ கோ நௌ" என்றார்.

அண்ணன் தலையை ஆட்டினார். "நோ, நோ. எங்கட வழக்கத்தில போறன் எண்டு சொல்லக்கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லவேணும். போனாலும் திரும்பி வருவன் எண்டு அர்த்தம்."

மின்ஜி அதைக் கொரிய மொழியில் சொன்னாள். நடிகரின் முகம் மாறிவிட்டது. நடிப்புத் தொழில்காரனின் முகம் வந்தது. எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும், எந்த எழுத்தில் அழுத்தம் என்று கேட்டார். ஐந்து தரம் சொல்லிப் பார்த்தார். ஆறாவது தரம் யாழ்ப்பாணத்தான் தோற்றான்.

எல்லாரும் கைதட்டினார்கள். நான் செருப்பை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். அந்தச் சொல்லை நான் கேட்டு நான்கு வருடம். கேட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அன்றைக்கும் வரவில்லை.

நாளைக்கு

கலியாணம் நல்லபடியாக நடந்தது. அண்ணன்தான் தாலி எடுத்துக் கொடுத்தார். மண்டபத்தில் ஒரு வெள்ளைப் பூ இல்லை. கட்டியவள் நான், உத்தரவாதம் தருகிறேன்.

சில மாதங்களுக்குப் பிறகு நடிகருக்குச் சியோலில் இருந்து அழைப்பு வந்தது. ஒரு தொடரில் தாத்தா வேடம். ஓய்வு பெற்றவர்தான், ஆனாலும் பெட்டியைக் கட்டிவிட்டார். போகிறபோது விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. கட்ட மாலை இருந்தது. மாலை எப்போதும் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு காலை. கராஜில் ரோசா கோத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம், முகம் தெரிகிற அழைப்பு. பதறிப்போய் எடுத்தேன். ஒட்டிய கன்னம், ஒட்டவைத்த நரைத் தாடி, பின்னால் ஆட்கள் விளக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

"சம்பந்தி" என்றார். பிரசன்னா பழக்கிய சொல். பிறகு மனப்பாடம் செய்துவைத்த ஆங்கிலத்தில், "டுமாரோ, ஐ டை. யூ, நோ வொரி" என்றார்.

சிரிக்கவேண்டிய இடம் என்று தெரிந்தது, அழுகைதான் வந்தது. மின்ஜிக்குச் சொல்வார், மனைவிக்குச் சொல்வார். இனி எனக்கும் சொல்வார்.

"யூ ஈற்?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன்.

ஆரோ அவரைக் கூப்பிட்டார்கள். கையைக் காட்டி ஒரு நிமிடம் என்றார். தோளை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, மூச்சு விடவேண்டிய இடத்தில் விட்டு, "போட்டு வாறன்" என்றார்.

கையில் ஊசி இருந்தது. அதைப் பூத்தட்டில் வைத்தேன். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம்" என்றேன். "போட்டு வாங்கோ."